பச்சையாகிப்போன கனசதுரங்கள்

வகுப்பில் அவளை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர்கூடச் சில நாள் மறந்துபோய் அப்படியே கூப்பிட்டுவிடுவார். அவளுக்கு அதில் கோபம் கிடையாது. கொஞ்சம் வருத்தம் உண்டு, அவ்வளவுதான்.

அந்தப் பட்டப்பெயர் வந்ததற்குக் காரணம் ஒரு மரப்பெட்டி.

வகுப்பின் மூலையில் அலமாரிக்கு அடியில் அந்தப் பெட்டி இருந்தது. உள்ளே முப்பது மரக்கட்டைகள். கனசதுரம் ஆறு, கனச்செவ்வகம் ஆறு, உருளை ஆறு, கூம்பு ஆறு, கோளம் ஆறு. டீச்சர் பெட்டியைத் தரையில் கவிழ்ப்பார். ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒருவர் முறை வைத்து வந்து கட்டைகளை இனம் பிரித்து ஐந்து தட்டுகளில் போட வேண்டும். எந்த வரிசை முதலில் முடிக்கிறதோ, அந்த வரிசைதான் அன்று மாலை என்ன விளையாட்டு என்று முடிவு செய்யும்.

விளையாட்டு என்றால் சும்மாவா? பிள்ளைகள் கட்டைகள் மேல் பாய்ந்து விழுவார்கள்.

இனம் பிரிக்க ஒரு சுலபமான வழி இருந்தது. கரும்பலகைக்குப் பக்கத்தில் டீச்சர் ஒரு அட்டை மாட்டியிருந்தார். கனசதுரம் சிவப்பு, கனச்செவ்வகம் பச்சை, உருளை மஞ்சள், கூம்பு நீலம், கோளம் வெள்ளை. சிவப்பைப் பார்த்தால் முதல் தட்டு. பச்சையைப் பார்த்தால் இரண்டாம் தட்டு. யோசிக்க என்ன இருக்கிறது?

மின்னல் என்று ஒரு பெண் இருந்தாள். அவள் இரண்டு கையாலும் அள்ளிப் போடுவாள். கடைசிக் கட்டை தட்டில் விழும்போது அவள் பாதி வழி தன் இடத்துக்குத் திரும்பியிருப்பாள்.

நிதானத்தின் முறை வந்தால் வரிசையே பெருமூச்சு விடும். அவள் ஒரு கட்டையை எடுப்பாள். திருப்புவாள். முகங்களை எண்ணுவாள். விளிம்பில் விரலை ஓட்டுவாள். முனையை உள்ளங்கையில் அழுத்திப் பார்ப்பாள். பிறகுதான் தட்டில் வைப்பாள்.

"நாளைக்குள்ள முடிச்சிடுவியா?" என்று பக்கத்தில் உட்காரும் பையன் கேட்பான். அவன் பட்டப்பெயர் கொட்டாவி. அவன் அப்பா ரொட்டி சுடுகிறவர். விடியும் முன்பே வீட்டில் விளக்கு எரியும், சத்தம் கேட்கும். பாவம், அவன் தூக்கத்தை வகுப்பில்தான் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

நிதானம் ஏன் இவ்வளவு மெதுவாக இருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியும். மஞ்சள் தெரியும், நீலம் பளிச்சென்று தெரியும். இந்த இரண்டு மட்டும் ஒன்றோடொன்று கலந்து ஈர மண் நிறத்தில் இருக்கும்.

இதை அவள் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. கிரேயான் டப்பாவில் சிவப்பை முதலாவதாகவும் பச்சையைக் கடைசியாகவும் வைத்திருப்பாள். இடம் மாறிவிட்டால் அவ்வளவுதான். அதனால் அவள் தன் கிரேயானை யாருக்கும் இரவல் தரமாட்டாள். "கஞ்சம்" என்று ஒரு பெயர் வேறு வரப் பார்த்தது. நிதானம் என்ற பெயர் முந்திக்கொண்டதால் தப்பித்தாள்.

சொல்லாததற்கு ஒரே காரணம் அவள் அப்பா. அப்பா பெயின்டர். ஊரில் பாதிச் சுவர் அவர் அடித்ததுதான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் பொண்ணு பிரஷ் பிடிச்சா ஒரு சொட்டு கீழ சிந்தாது. எனக்கு அப்புறம் அவதான்" என்பார். அப்படிச் சொல்கிற மனிதரிடம் போய், எனக்கு நிறம் தெரியாது என்று எப்படிச் சொல்வது? அவர் முகம் வாடிவிடும் என்று அவள் பயந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் அவளைக் கூப்பிட்டார்.

"புதன்கிழமை உங்க அம்மா அப்பா எல்லாரும் வகுப்பைப் பார்க்க வர்றாங்க. இந்தக் கட்டையெல்லாம் பாரு, சாயம் போய்ச் சொறி பிடிச்ச மாதிரி இருக்கு. அப்பாகிட்ட மிச்சம் மீதி பெயின்ட் இருக்குமா?"

"இருக்கும் டீச்சர்."

டீச்சர் எந்த வடிவத்துக்கு எந்த நிறம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை அப்பாவும் மகளும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, உப்புத்தாள் போட்டுப் பழைய சாயத்தை எல்லாம் தேய்த்து எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா ஐந்து சின்ன டப்பாக்களைக் கொண்டுவந்தார். எல்லாம் வேலையில் மிஞ்சியவை. வெளியே வழிந்து காய்ந்த பெயின்டில் எழுத்தெல்லாம் மறைந்துவிட்டது. திறப்பதற்கு முன்னால் அப்பா ஒவ்வொரு மூடியையும் கட்டைவிரலால் தடவினார். அது அவருடைய பழக்கம். பிறகு டப்பாக்களைத் தரையில் வரிசையாக வைத்தார்.

"பாப்பா, உன் இடது கைப் பக்கம் சிவப்பு. வலது கைப் பக்கம் பச்சை. நடுவுல மத்ததெல்லாம். சீட்டைப் பார்த்து அடி. நான் எதிர்வீட்டு ஏணியைக் குடுத்துட்டு வந்துடறேன்."

அவள் முதலில் மஞ்சளை எடுத்து உருளைகளை முடித்தாள். நீலத்தில் கூம்புகள். வெள்ளையில் கோளங்கள். அதற்குள் வெயில் நேராக முகத்தில் அடிக்க ஆரம்பித்தது. எழுந்து டப்பாக்களுக்கு அந்தப் பக்கம் போய்ச் சுவர் நிழலில் உட்கார்ந்துகொண்டாள். இடது கைப் பக்கம் சிவப்பு, வலது கைப் பக்கம் பச்சை என்று ஒருமுறை சொல்லிக்கொண்டாள். கனசதுரங்களுக்கு இடது டப்பா. கனச்செவ்வகங்களுக்கு வலது டப்பா. ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை.

அப்பா திரும்பி வந்தார். சீட்டை எடுத்துப் படித்தார். வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த கட்டைகளைப் பார்த்தார்.

"கனசதுரம் சிவப்பு. கனச்செவ்வகம் பச்சை. எல்லாம் சரியா இருக்கு" என்று அவள் தலையைத் தட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பெட்டியைத் திறந்ததும் வகுப்பே வாயைப் பிளந்தது. கட்டைகள் அப்படிப் பளபளத்தன. டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதே போட்டி வைத்துவிட்டார்.

மின்னல் வழக்கம்போல இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். சிவப்பெல்லாம் முதல் தட்டு, பச்சையெல்லாம் இரண்டாம் தட்டு. "முடிஞ்சது டீச்சர்."

டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டே எட்டிப் பார்த்தார். "சிவப்பு ஒரு தட்டுல, பச்சை ஒரு தட்டுல. சரி, சரி" என்று தலையை ஆட்டினார்.

முன் பெஞ்சில் இருந்த நிதானம் தட்டுகளைப் பார்த்தாள். கனசதுரம் என்று எழுதிய தட்டில் ஆறு நீளக் கட்டைகள் செங்கல் அடுக்கியது மாதிரி படுத்திருந்தன. கனச்செவ்வகம் என்று எழுதிய தட்டில் ஆறு கனசதுரங்கள்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. மின்னல் தட்டை மாற்றிப் போட்டுவிட்டாள், இப்போது யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. அடுத்த வரிசை வந்தது. அவர்களும் அப்படியே போட்டார்கள். அதற்கடுத்த வரிசையும்.

அப்போதுதான் அவளுக்கு வெயில் ஞாபகம் வந்தது. சுவர் நிழல் ஞாபகம் வந்தது. டப்பாக்களுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால் இடது கை வலது கையாகிவிடும். 

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். டீச்சருக்கே தெரியவில்லை. புதன்கிழமை போனால் எல்லோரும் மறந்துவிடுவார்கள். சொன்னால், தெரிந்துதானே மாற்றி அடித்தாய் என்று கேட்பார்கள். இல்லை, தெரியாமல் அடித்தேன் என்று சொல்ல வேண்டும். பெயின்டர் மகளுக்குச் சிவப்பு எது, பச்சை எது என்று தெரியாது என்பது பள்ளிக்கூடம் முழுக்கப் பரவும். சாயங்காலத்துக்குள் அப்பா காதுக்கும் போய்விடும்.

அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

டீச்சர் அடுத்த வேலைக்கு வந்தார். "புதன்கிழமை அஞ்சு பேர் முன்னால வந்து, ஆளுக்கு ஒரு வடிவத்தைக் கையில வெச்சுக்கிட்டுப் பேசணும். சீட்டுக் குலுக்கிப் போடலாம்."

கனசதுரம் கொட்டாவிக்கு விழுந்தது.

அவன் தூக்கம் பறந்துவிட்டது. இதுவரை அவனை எதற்குமே முன்னால் கூப்பிட்டதில்லை. கூப்பிட்ட ஒரே தடவை, முகம் கழுவிக்கொண்டு வரச் சொல்வதற்காக.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்ற பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். சாப்பிட உட்கார்ந்த நிதானத்தின் பக்கத்தில் கொட்டாவி ஒரு சிவப்புக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தான்.

"இது கனசதுரம். இதுக்கு ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு முனை. எல்லா முகமும் ஒரே அளவு சதுரம்." திரும்பி நிதானத்தைப் பார்த்தான். "சரியாச் சொல்றேனா? எங்கப்பா கடையை மூடிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு. அவரு கடையை மூடி நான் பார்த்ததே இல்ல."

அவன் கையில் இருந்தது சாட்சாத் ஒரு நீளக் கட்டை. அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எல்லா முகமும் சதுரம் என்று சொல்கிறான். புதன்கிழமை இத்தனை பெரியவர்கள் முன்னால் இதையேதான் சொல்வான். யாராவது ஒருவர் சிரிப்பார். பிறகு எல்லோரும் சிரிப்பார்கள். கடையை மூடிவிட்டு வந்த அப்பாவும் அதைப் பார்ப்பார்.

நிதானத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் அப்பா முகம் வாடுவது ஒரு பக்கம். இவன் அப்பா முகம் வாடுவது இன்னொரு பக்கம். தப்பு செய்ததோ அவள்.

ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சாப்பாட்டுப் பையைக் காலி செய்தாள்.

"ஒரு விளையாட்டு விளையாடலாம் வா. நீ கண்ணை மூடிக்கணும்."

"கண்ணை மூடறதா? அது எனக்கு நல்லா வரும்" என்று கொட்டாவி உடனே மூடிக்கொண்டான்.

"தூங்கிடாத. பைக்குள்ள ரெண்டு கட்டை போட்டிருக்கேன். கையை விட்டுப் பாத்து, எது கனசதுரம்னு சொல்லு. கண்ணைத் திறக்கவே கூடாது."

அவன் கையை விட்டான். துழாவினான். "ஒண்ணு, ரெண்டு... ஆறு முகம். முனை எட்டு. இதுதான்."

"இன்னொண்ணையும் பாரு."

"இதுக்கும் ஆறு. இதுக்கும் எட்டு." அவன் புருவம் சுருங்கியது. "ரெண்டும் கனசதுரமா?"

"உன் கடைசி வரியைச் சொல்லு."

"எல்லா முகமும் ஒரே அளவு சதுரம்." அவன் ஒரு கட்டையைப் பைக்குள்ளேயே திருப்பினான். இன்னொரு பக்கம் திருப்பினான். பிறகு அடுத்ததைத் திருப்பினான். "இது எப்படித் திருப்பினாலும் கைக்கு அப்படியேதான் இருக்கு. அது அப்படி இல்ல. ஒரு பக்கம் பிடிச்சா விரல் எட்டுது, இன்னொரு பக்கம் எட்ட மாட்டேங்குது. அப்போ இதுதான் கனசதுரம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"வெளிய எடு. கண்ணைத் திற."

அவன் கையில் ஒரு பச்சைக் கட்டை இருந்தது.

கொட்டாவி அதைப் பார்த்தான். பெஞ்சு மேல் இருந்த சிவப்பு நீளக் கட்டையைப் பார்த்தான். மறுபடி கண்ணை மூடித் தடவிப் பார்த்தான். திறந்தான். "என்ன இது? கண்ணை மூடினா சரியா இருக்கு. திறந்தா தப்பா இருக்கு."

தண்ணீர் குடிக்க உள்ளே வந்த மின்னல் இதைக் கேட்டுவிட்டாள். "அது பச்சைடா. பச்சைன்னா கனச்செவ்வகம். இதுகூடவா தெரியாது?"

"நீ கண்ணை மூடிச் சொல்லு பாக்கலாம்" என்றாள் நிதானம்.

மின்னலுக்கு யாராவது சவால் விட்டால் பொறுக்காது. கையை விட்டாள். அள்ளிப் பழகிய கை. தொட்டவுடனே, "கனசதுரம்" என்றாள். வெளியே வந்தது நீளக் கட்டை. மறுபடி விட்டாள். இந்த முறை மெதுவாக. விரலால் விளிம்பைப் பிடித்துக்கொண்டே போனாள். அவள் எதையும் மெதுவாகச் செய்து யாரும் பார்த்ததில்லை. வாசலில் நின்ற நாலைந்து பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

"எனக்கும் குடு." "எனக்கு உருளையைப் போடு." "கூம்பைப் போடு, அது சுலபம், கூரா இருக்கும்."

"சுலபமா? சரி, கூம்புக்கும் உருளைக்கும் என்ன ஒற்றுமை?" என்று நிதானம் கேட்டாள்.

 ஒருத்தி பைக்குள் இரண்டு கையையும் விட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். "ரெண்டுலயும் அடி தட்டையா வட்டமா இருக்கு. சுத்தி வளைவா இருக்கு. தரையில படுக்க வெச்சா ரெண்டும் உருளும்."

"ரெண்டும் நேரா உருளுமா?"

உடனே தரையில் விட்டுப் பார்த்தார்கள். உருளை நேராக ஓடி அலமாரிக்கு அடியில் போய்விட்டது. கூம்பு தன் முனையைச் சுற்றி வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. மின்னல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒருவன் உருளை மேல் உருளையாக அடுக்கினான். கூம்பு மேல் கூம்பை வைக்க முயன்று தோற்றான். கோளத்தை எங்கேயும் நிறுத்த முடியவில்லை.

மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை.

டீச்சர் உள்ளே வந்தார். பிள்ளைகள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார். கொட்டாவி எழுந்து, "டீச்சர், இது கனசதுரம்" என்று பச்சைக் கட்டையை நீட்டினான்.

டீச்சர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். காலையில் தான் சரி, சரி என்று தலையாட்டியது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். காது வரைக்கும் முகம் சூடாகிப்போனது.

"பெயின்டர் மாமா மாத்தி அடிச்சிட்டாரு டீச்சர்" என்றாள் மின்னல்.

"எங்கப்பா இல்ல" என்று நிதானம் எழுந்து நின்றாள்.  அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். "நான்தான் அடிச்சேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியும் டீச்சர். டப்பாவுக்கு அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்துட்டேன். எனக்குத் தெரியல."

 கொட்டாவிதான் முதலில் பேசினான்.

"அப்போ இவ்வளவு நாளா எப்படிப் பிரிச்ச?"

"எண்ணித்தான். தடவிப் பாத்துத்தான்."

"அதான் லேட்டா?" என்றாள் மின்னல். அவள் அதைக் கேலியாகக் கேட்கவில்லை. கையில் இருந்த கட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

டீச்சர் கரும்பலகைப் பக்கம் போய், எந்த வடிவம் எந்த நிறம் என்று எழுதிய அட்டையைக் கழற்றினார். அதை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு நிதானத்திடம் வந்து, "இந்தக் கட்டைக்கெல்லாம் ஒரே நிறமா அடிச்சுத் தர முடியுமான்னு அப்பாகிட்ட கேட்கிறியா?" என்றார்.

சாயங்காலம் பெட்டியோடு வீட்டுக்குப் போகிற வழி அவளுக்கு ரொம்ப நீளமாக இருந்தது. அப்பா வாசலில் பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கடைசியில், "எனக்கு நிறம் தெரியாதுப்பா. உங்களுக்கு அப்புறம் நான்னு இனிமே யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த அழுகை வந்துவிட்டது.

அப்பா பிரஷைக் கீழே வைத்தார். அவர் முகம் வாடவில்லை. அவர் திருதிருவென்று விழித்தார், வகையாக மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "இப்பவாவது குழந்தைகிட்ட சொல்லுங்க."

"என்ன சொல்லணும்?" என்று நிதானம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

அப்பா சிவப்பு டப்பாவின் மூடியை எடுத்து அவள் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். ஒரு சின்னப் பள்ளம். ஆணியால் குத்திய புள்ளி. பச்சை டப்பாவின் மூடியைக் கொடுத்தார். அதில் இரண்டு புள்ளி.

"கடையில வாங்கும்போதே எது என்னன்னு கேட்டுக் குத்திடுவேன். ஒண்ணு சிவப்பு. ரெண்டு பச்சை" என்றார் அப்பா. "நேத்து நீ அடிச்சு வெச்சதைப் பார்த்தேனே, சரியா இருக்குன்னு சொன்னேனே. எனக்கு என்ன தெரிஞ்சுது? எல்லாம் ஒரே மண் கலர்தான்."

நிதானம் அவரையே பார்த்தாள்.

"உங்களுக்குமா?"

"எனக்கும்தான். பெயின்டருக்கு நிறம் தெரியாதுன்னா யாரு கூப்பிடுவாங்கன்னு பயம். அதான் யாருகிட்டயும் சொல்லல."

"என்கிட்டகூடத்தான் சொல்லல" என்று அம்மா வாசலுக்கு வந்தாள். "கல்யாணமான நாலாம் நாள் தக்காளி வாங்கிட்டு வரச் சொன்னேன். பை நிறையப் பச்சைக் காய். அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. இப்போ அமுக்கிப் பாத்து வாங்கப் பழகிட்டாரு."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் நிதானத்துக்கு விக்கல் எடுத்தது. அப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு மூன்று பேரும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து முப்பது கட்டைகளுக்கும் வெள்ளை அடித்தார்கள்.

"இன்னைக்கு எங்க வேணாலும் உட்காரு" என்றார் அப்பா. "எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் வெள்ளைதான்."

புதன்கிழமை வகுப்பறை பெரியவர்களால் நிறைந்துவிட்டது. சின்ன பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார முடியாமல் நெளிந்தார்கள். கொட்டாவி முன்னால் வந்து நின்றான். அவனுடைய அப்பா சட்டையெல்லாம் மாவோடு கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"இது கனசதுரம்" என்று ஆரம்பித்தவன், மனப்பாடம் செய்ததை அப்படியே விட்டுவிட்டான். "நான் சொன்னா நம்பாதீங்க. கண்ணை மூடிக்கிட்டு நீங்களே பாருங்க" என்று பையைச் சுற்றுக்கு விட்டான்.

பெரியவர்கள் ரொம்பத் தடுமாறினார்கள். ரொட்டிக்காரர் கோளத்தைத் தொட்டதும் உருண்டை பிடிக்கிற ஞாபகத்தில் உள்ளங்கையில் உருட்ட ஆரம்பித்துவிட்டார். மின்னலின் அப்பா கனச்செவ்வகத்தைக் கனசதுரம் என்று அடித்துச் சொன்னார். "மெதுவாப்பா, அவசரப்படாதீங்க. எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்க" என்று மின்னல் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

பெயின்டர் முறை வந்தது. அவர் கட்டைவிரலால் தடவி ஐந்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

மின்னலின் அப்பா அவர் பக்கம் குனிந்து, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். "என்னங்க, உங்க பொண்ணுக்குச் சிவப்பு பச்சை தெரியாதாமே? பெயின்டர் வீட்டுலயே இப்படியா?"

நிதானம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கே தெரியாதுங்க" என்றார் அப்பா. அவரும் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "போன வருஷம் உங்க வீட்டு வெளிக்கதவுக்குப் பச்சை அடிச்சேனே, எப்படி இருக்கு?"

மின்னலின் அப்பா கொஞ்சம் யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அப்புறம் என்ன" என்று அப்பா கையில் இருந்த கூம்பைப் பைக்குள் போட்டார்.

நிதானம் தலையை நிமிர்த்தினாள். அப்பா அவளைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினார்.

மறுநாள் ஓவிய வகுப்பு. கொட்டாவி வழக்கம்போல எதையும் கொண்டுவரவில்லை. பக்கத்தில் பார்த்தான். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினான்.

நிதானம் தன் கிரேயான் டப்பாவைத் திறந்து இரண்டு பேருக்கும் நடுவில் தள்ளி வைத்தாள். அவன் நான்கைந்தை எடுத்தான், கலைத்தான், கீழே போட்டான், இடம் மாற்றி வைத்தான். அவள் மேகம் ஒன்று வரைந்து முடித்தாள். பிறகு இலைக்கு நிறம் கொடுக்க வேண்டியிருந்தது. டப்பாவுக்குள் பார்க்காமலேயே கையை விட்டாள்.

"எப்படித் தெரியும், எது பச்சைன்னு?" என்றான் கொட்டாவி.

அவள் ஒரு கிரேயானை எடுத்து அதன் அடியை அவன் விரலில் வைத்தாள். ஆணி நுனியால் குத்திய சின்னச் சின்னப் பள்ளங்கள்.

"எண்ணு" என்றாள்.

கொட்டாவி கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக எண்ணினான்.

"ரெண்டு."